பேச்சு, செவித்திறன் படிப்புக்கு யார் அங்கீகாரம்? கரையோரக் கேள்விகள்

தொண்டியிலிருந்து: அக்கா, மகளை பேச்சு, செவித்திறன் இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி.யில் சேர்க்கப் போகிறோம். பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறது என்கிறார்கள். போதாதா?

போதாதும்மா. பட்டம் தருவது பல்கலைக்கழகம். அந்தப் பட்டத்தோடு தொழில் செய்ய உரிமை தருவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. இரண்டும் வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் தருவது; அதை வைத்து இந்தப் படிப்பை எடைபோட முடியாது.

ஆர்.சி.ஐ. இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. படிப்பின் பெயர், அனுமதித்த இடங்கள், எந்தக் கல்வியாண்டு வரை ஒப்புதல் என்று மூன்றையும் பாருங்கள். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒப்புதல் நிரந்தரமானதல்ல; புதுப்பிக்காத ஆண்டில் சேர்ந்த பிள்ளை பட்டம் வாங்கினாலும் தொழில் செய்யத் தேவையான ஆர்.சி.ஐ. பதிவு எண்ணுக்கு அலைய நேரும். அனுமதித்த இடத்துக்கு மேல் சேர்த்தாலும் இதே கதிதான். நகையை அடகு வைத்துக் கட்டும் பணம். கட்டுவதற்கு முன் ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

மண்டபத்திலிருந்து: ஆர்.சி.ஐ. ஒப்புதல், பதிவு என்ற இந்தக் கட்டுப்பாடு எப்போது வந்தது?

மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் 1965இல் தொடங்கியது. மும்பை நாயர் மருத்துவமனையிலும் அறுபதுகளிலேயே இந்தப் படிப்பு வந்துவிட்டது. அப்போது பாடத்திட்டம், தேர்வு எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் இல்லை. 1986இல் ஆர்.சி.ஐ. பதிவு பெற்ற சங்கமாக அமைந்தது. சங்கம் தரத்தை வகுக்கலாம், மீறுபவரைத் தடுக்க அதற்கு அதிகாரம் கிடையாது. அதனால்தான் 1992இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; 1993 ஜூன் 22 முதல் ஆர்.சி.ஐ. சட்டபூர்வ அமைப்பு. சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை இந்தக் காலத்துக்கு மிகக் குறைவு; அதை உயர்த்தியே ஆக வேண்டும்.

கீழக்கரையிலிருந்து: பட்டம் முடித்து துபாய் போகலாமா? மருமகன் அமெரிக்காதான் மேல் என்கிறார்.

துபாய்க்குச் சான்றிதழ்களை, டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனத்தின் மூலம், அவற்றை வழங்கிய இடத்திலேயே சரிபார்ப்பார்கள். ஆர்.சி.ஐ. பதிவு நடப்பில் இருக்கட்டும். காலாவதியானால் அங்கேயே முட்டும்.

அமெரிக்காவில் வேறு வழி. அங்கே படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது அரசு அல்ல, பேச்சு, செவித்திறன் தொழில் வல்லுநர்களின் சங்கமான ஆஷாவின் கீழ் இயங்கும் சி.ஏ.ஏ. என்ற அங்கீகாரக் குழு. அது 1996இல் உருவானது. அதற்கு முன்பும் சங்கத்தின் வாரியங்களே அந்த வேலையைச் செய்தன. நம் ஊரில் இரண்டு துறையும் ஒரே இளநிலைப் பட்டத்தில் வருகின்றன. அங்கே பேச்சு-மொழிச் சிகிச்சைக்கு முதுநிலை, செவித்திறனுக்கு ஏயு.டி. என்ற முனைவர் பட்டம், இவற்றைத்தான் சி.ஏ.ஏ. அங்கீகரிக்கிறது. ஆகவே பி.ஏ.எஸ்.எல்.பி.யோடு நேராக வேலைக்குப் போக முடியாது. எந்தத் துறை என்று முதலிலேயே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

பாம்பனிலிருந்து: செவித்திறன், மொழி, பேச்சு டிப்ளமாவான டி.எச்.எல்.எஸ். முடித்த தம்பி தனியாகக் கிளினிக் வைக்கலாமா?

கூடாது தம்பி. அது ஓராண்டு டிப்ளமா. ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்), ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுச் சிகிச்சையாளர்) இவர்களின் மேற்பார்வையில் உதவியாளராக வேலை செய்யத்தான் அந்தப் பயிற்சி. பட்டதாரி ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யட்டும். பிள்ளையைத் தெரபிக்குக் கூட்டிப்போகும் பெற்றோரும் ஆர்.சி.ஐ. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எண்ணையும் அது செல்லும் தேதியையும் பாருங்கள்.