சத்தத்தை நிறுத்தியது யார்?

கேள்வி: எனக்கு 42 வயது. மனைவி, 8 வயது மகன், 71 வயது அப்பா என்று வீட்டில் நான்கு பேர். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. நானும் மனைவியும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். அப்பா தினமும் மூன்று நான்கு மணி நேரம் பழைய டாம் அண்ட் ஜெர்ரி படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார், அதனால் தொந்தரவு என்று சொல்ல முடியாது. ஆனால் யாராவது வந்தால் வெட்கமாக இருக்கிறது. போன மாதம் என் மேலதிகாரி வந்திருந்தார். 'முதல் படத்தில் இந்தப் பூனைக்கு டாம் என்று பெயரே கிடையாது, ஜாஸ்பர்' என்று ஆரம்பித்து அப்பா அரை மணி நேரம் அவரை விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், எனக்கோ உடம்பு கூசியது. 'இது பழசு, இது பிராக்கில் எடுத்தது, இது அதற்கும் அப்புறம்' என்று ஒவ்வொரு படத்தையும் பிரித்துச் சொல்கிறார். என் மகனே 'தாத்தா பேபி' என்கிறான். இது முதுமை மறதியின் தொடக்கமா? அவர் மனம் நோகாமல் எப்படி நிறுத்தச் சொல்வது?

- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: தம்பி, "வயதானால் எல்லோரும் குழந்தைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு அடிக்கடி வரும். அப்பா சீட்டாடுகிறார், அம்மா தொடர் பார்க்கிறார், மாமியார் போனை வைப்பதே இல்லை. கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: மனம் நோகாமல் எப்படி நிறுத்தச் சொல்வது? அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம், நோகக்கூடாது என்பது யாருடைய மனம் என்று எனக்கு ஒரு சந்தேகம் வரும்.

மறதிப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எடுத்தவை 114 படங்கள். பிறகு 1961, 62-ல் ஜீன் டீச் பிராக் நகரத்தில் 13 எடுத்தார். அதற்கப்புறம் சக் ஜோன்ஸ் கைக்கு வந்து 34. அவர் கைக்குப் போனதும் பூனைக்குப் புருவம் தடித்துவிட்டது, எலிக்குக் காதும் கண்ணும் பெரிதாகிவிட்டன. மொத்தம் 161 படங்கள். அவற்றை ஓசையே இல்லாமல், வரைந்த கோடுகளை மட்டும் பார்த்து, இன்னார் கை என்று பிரித்துச் சொல்கிறார் ஒரு மனிதர். அவருக்கு மறதியா என்று கேட்கிறீர்கள்! ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? தெரிந்த தெருவில் வழி தடுமாறுகிறாரா? மருந்தைச் சாப்பிட்டோமா இல்லையா என்று குழம்புகிறாரா? இருந்தால் நாளைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அதில் நான் பார்த்தது ஒரு ரசிகரை. அதுவும் கொஞ்சம் கறாரான ரசிகரை.

அந்த ஜாஸ்பர் விஷயமும் சரிதான். 1940-ல் வந்த முதல் படத்தில் பூனையின் பெயர் ஜாஸ்பர். டாம் என்பது பிறகு வைத்த பெயர்.

சரி, இப்போது என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். "சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார், அதனால் தொந்தரவு என்று சொல்ல முடியாது." கடிதத்தை மூன்று தரம் படித்தேன், மூன்று தரமும் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. அப்பாவுக்காகச் சொல்லும் நல்ல வார்த்தை மாதிரி இதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

டாம் அண்ட் ஜெர்ரியைச் சத்தமில்லாமல் பார்ப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? பூனையும் எலியும் வாய் திறந்து பேசுவது அபூர்வம். பேச வேண்டியதையெல்லாம் இசைதான் பேசும். ஸ்காட் பிராட்லி என்ற இசையமைப்பாளர், அந்தப் படங்களுக்கு வாத்தியக் குழுவை உட்காரவைத்து அடிக்கு அடி எழுதியிருக்கிறார். பூனை மாடிப்படி ஏறினால் படிக்கொரு சுரம். எலி நுனிக்காலில் நடந்தால் வயலின் தந்தியைச் சுண்டும் ஓசை. வினாடிக்கு 24 படச்சட்டம் ஓடும் படத்தில், தாளத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டுத்தான் அசைவை வரைந்தார்கள். வாலில் அடிபட்டதும் டாம் ஒரு கத்து கத்துமே, அது அந்த வில்லியம் ஹன்னாவே தன் தொண்டையைக் கிழித்துக் கத்தியது. உங்கள் அப்பாவுக்கு இதுவும் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

பூனை கச்சேரி செய்யும் படம் ஒன்று உண்டு. டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் வாங்கிய ஏழு ஆஸ்கார்களில் ஒன்று அதற்கு. டாம் வால் வைத்த கோட்டு போட்டுக்கொண்டு, முகத்தில் ஏகப்பட்ட கர்வத்தோடு மேடைக்கு வந்து பியானோ முன் உட்காரும். வாசிப்பது, லிஸ்ட் என்ற இசையமைப்பாளர் பியானோவுக்கு எழுதிய 'ஹங்கேரிய ராப்சோடி', இரண்டாவது. பியானோவுக்குள், தந்தியைத் தட்டும் சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கும். டாம் கட்டையைத் தட்டத் தட்ட எலி தூக்கிப்போடப்படும். பழிவாங்க எலி கட்டைகளுக்கு நடுவில் எலிப்பொறியை வைக்கும். விரல் மாட்டும், ஆனால் வாசிப்பு நிற்காது. கடைசியில் பூனை கிழிந்த துணியாய்ச் சரிந்து கிடக்க, கைதட்டலை எலி வாங்கிக்கொள்ளும். ஏழெட்டு நிமிடம், ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கப் பியானோ. இதை உங்கள் அப்பா உங்கள் வீட்டில் சத்தமில்லாமல் பார்க்கிறார். கச்சேரிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல.

இப்படி ஒரு ரசிகர் தானாக அதைச் செய்யமாட்டார். நடந்திருக்கக்கூடியதை நானே சொல்கிறேன், தப்பென்றால் எழுதுங்கள். நீங்கள் ஏதோ அலுவலகப் பேச்சில் இருந்திருப்பீர்கள். கூடத்தில் டாம் கத்தியிருக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டீர்கள், நல்ல பிள்ளை. நாற்காலியைத் திருப்பி ஒரு பார்வை பார்த்திருப்பீர்கள். அல்லது எழுந்துபோய்க் கதவைக் கொஞ்சம் அழுத்திச் சாத்தியிருப்பீர்கள். அன்றைக்கு அவர் இருபதில் இருந்த சத்தத்தைப் பத்துக்குக் குறைத்தார். அப்புறம் ஐந்து. ஒருநாள் பூஜ்யம். அதற்கப்புறம் உங்களுக்குத் "தொந்தரவு" இல்லாமல் போனது. ஏன் போனது என்று நீங்கள் யோசிக்கவேயில்லை.

அம்மா இருந்தவரை சத்தம் இருந்ததா? பதிலை எனக்கு எழுத வேண்டாம். ஆனால் நினைத்துப் பாருங்கள்.

என் மாமனார் தன் கடைசி இரண்டு வருடமும் இருமலைத் தலையணையில் அமுக்கித்தான் இருமினார். பகலில் நன்றாகப் பேசுவார், ராத்திரியானால் அறையிலிருந்து ஒரு ஓசை வராது. எவ்வளவு அனுசரணையான மனிதர் என்று நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர் போன பிறகு மெத்தையை வெயிலில் போடும்போதுதான் அந்தத் தலையணை உறையைப் பார்த்தேன். ஒரே இடத்தில் கடித்துக் கடித்துத் துணி நைந்திருந்தது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரி என் கண்ணில் பட்டது, நான் ஒன்றும் பெரிய புத்திசாலி என்பதால் அல்ல.

மருந்து, மாத்திரை, உடுப்பு, பரிசோதனை எதிலும் நீங்கள் குறை வைத்திருக்கமாட்டீர்கள். எனக்கு அது போதாது. பெற்றவர் பிள்ளை வீட்டில் விருந்தாளி மாதிரி காலடி ஓசை கேட்காமல் நடமாடினால், பிள்ளை தன் கடமையைச் செய்யவில்லை என்பதுதான் என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், கவலையில்லை. நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்ட கூச்சலுக்கு அவர் உங்களைப் பூஜ்யத்தில் வைக்கவில்லை.

மேலதிகாரி கதையை நான் நம்பவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார் என்று எழுதுகிறீர்கள், அடுத்த சொல்லிலேயே எனக்கு உடம்பு கூசியது என்கிறீர்கள். அரை மணி நேரம் ஒருவர் எழுந்து போகாமல் கேட்டிருக்கிறார் என்றால், அன்று அந்தக் கூடத்தில் சுவாரசியமாகப் பேசியது யார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. அதோடு, இவை சின்னப் பிள்ளைகளுக்காக எடுத்தவையே அல்ல. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால், டிக்கெட் வாங்கி வந்த எல்லோருக்கும் காட்டியவை. முப்பதை ஒட்டிய இரண்டு ஆண்கள் உட்கார்ந்து யோசித்து ஆரம்பித்தது. டிவி வந்த பிறகுதான் அவற்றைப் பிள்ளைகள் நேரத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

உங்கள் மகனைப் பற்றி ஒரே ஒரு சொல். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'பேபி' என்ற சொல் தெரியும். அதைத் தாத்தாவைப் பார்த்துச் சொல்லலாம் என்ற தைரியம் தானாக வராது. இந்த வீட்டில் தாத்தாவைப் பற்றி எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதை அவன் கேட்டிருக்கிறான். நீங்கள் அவனைத் திட்ட வேண்டாம். அவன் கேட்கும்படி அப்பாவிடம் ஒரு சந்தேகம் கேளுங்கள், பிராக் படங்கள் உங்களுக்குப் பிடிக்குமா என்று. அவற்றின் ஓசையில் ஒரு எதிரொலி இருக்கும், கிணற்றுக்குள் பாத்திரம் உருண்ட மாதிரி. ரசிகர்கள் பலர் அதைச் சொல்லித்தான் முகம் சுளிப்பார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பையன் தானாகப் பக்கத்தில் வந்து உட்காருவான்.

ஹெட்போன் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று இதற்குள் உங்களுக்குத் தோன்றியிருக்கும். கூடாது. அவருக்குக் காது கேட்காமல் இருந்தால் அது வேறு. நீங்கள் கேட்காமல் இருப்பதற்காக அவர் காதில் எதையும் மாட்டாதீர்கள். உங்களுக்கு முக்கியமான அலுவலகப் பேச்சு இருக்கும் நேரத்தை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கொஞ்சம் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள் அப்பா." மனிதரை மனிதராக நினைத்துக் கேட்டால் யாருக்கும் நோகாது. பார்வையால் கேட்டால்தான் நோகும். மீதி நேரம் கூடம் அவருடையது, பூனை கத்தட்டும்.

நிறுத்தச் சொல்வது எப்படி என்று கேட்டீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. இன்று ராத்திரி வேலையை மூடிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். போனை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பியானோ படத்தைப் போடச் சொல்லுங்கள், எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ரிமோட்டை நீங்கள் வாங்காதீர்கள், அவர் கையிலேயே இருக்கட்டும். சத்தம் வைக்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் ஐந்தில் வைப்பார்.

கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.