ஆறு மாதக் குழந்தைக்கு மீன் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 5 மாதம் முடிந்து 20 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான். போன வாரம் மாமியார் கேழ்வரகுக் கூழைத் தண்ணியாகக் கரைத்து இரண்டு ஸ்பூன் கொடுத்தார். நாக்காலேயே தள்ளித் துப்பிவிட்டாள். பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் குடிப்பாள் என்கிறார். பாலில் ஊறவைத்த பிஸ்கட் கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கணவருக்குப் படகு வேலை என்பதால் வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு வயது வரை மீன் ஆகாது என்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: இன்னும் பத்து நாள் பொறுங்கள். 6 மாதம் முடியட்டும். மகள் துப்பியது பிடிக்காமல் அல்ல. இந்த வயதில் வாயில் எது பட்டாலும் நாக்கு தானாக வெளியே தள்ளும். அது அடங்கி, தலை ஆடாமல் நின்று, பிடித்துக்கொண்டால் உட்கார்ந்து, நீங்கள் சாப்பிடும்போது உங்கள் கையையே பார்க்கிறாள் என்றால் தயாராகிவிட்டாள் என்று அர்த்தம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். கேழ்வரகு சரிதான், தண்ணீர்தான் தப்பு. குழந்தையின் வயிறு சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமிருக்காது. ரத்தச்சோகையால் உள்ளங்கை வெளுத்துப்போய் வருகிற எட்டு, ஒன்பது மாதப் பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். "நாலு வேளை நல்லா சாப்பிடறான் டாக்டர்" என்பார்கள். கிளறிக் கேட்டால் நாலு வேளையும் கஞ்சித் தண்ணீர். ஸ்பூனைச் சாய்த்தால் உடனே ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பாட்டிலில் போகிற எதுவும் அந்தக் கெட்டியில் இருக்காது. போதாக்குறைக்கு அந்த ரப்பரைச் சரியாகக் கழுவவும் முடியாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

அடுத்தது இரும்புச்சத்து. பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு ஏறக்குறைய 6 மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் அது குறைவு. கேழ்வரகில் கால்சியம் நிறைய. ஆனால் அதிலுள்ள இரும்பு உடம்பில் லேசில் சேராது. அதனால்தான் மீன், முட்டை, ஆட்டு ஈரல் எல்லாம் முதலிலிருந்தே வேண்டும் என்கிறேன். ஒரு வயது வரை தள்ளிப்போட்டால் அலர்ஜி வராது என்று முன்பு டாக்டர்களே சொன்னதுண்டு. இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. முட்டையும் வேர்க்கடலையும் தள்ளிப்போடாமல் கொடுப்பதே நல்லது என்று தெரியவந்திருக்கிறது. கடலையை மட்டும் முழுதாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் மாட்டும். நைசாக அரைத்துக் கலக்குங்கள். வீட்டில் யாருக்காவது கடுமையான அலர்ஜியோ, குழந்தைக்கு மோசமான கரப்பானோ (தோல் சிவந்து அரிக்கும் நோய்) இருந்தால் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் சில நாள் குழைந்த பருப்புச் சாதம், மசித்த வாழைப்பழம். அப்புறம் மீன். கிழங்கான் நல்ல தொடக்கம், சதை பூ மாதிரி இருக்கும். உப்பு, மிளகாய் இல்லாமல், சிட்டிகை மஞ்சள் தடவி இட்லிப் பானையில் அவியுங்கள். முள் எடுத்ததும் சதையை விரல்களுக்கு நடுவே இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய முள் விரலுக்குத் தப்பாது. அதைக் குழைந்த சாதத்தோடு பிசைந்து, முதல் நாள் காலையில் அரை ஸ்பூன். காலையில் ஏன் என்றால், ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலிலேயே தெரிந்துவிடும். தடிப்போ, திரும்பத் திரும்ப வாந்தியோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

எது இன்று வந்த மீன், எது நாள்கணக்கில் ஐஸில் கிடந்தது என்று உங்கள் கணவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குழந்தைக்கு அன்றைக்கு வந்த சின்ன மீன். சுறா வேண்டாம். பால் ஊறும் என்று உங்களுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுத்திருப்பார்கள். ஆனால் பெரிய மீன்களைத் தின்னும் மீனில் பாதரசம் அதிகம் சேரும், நீங்களும் குறைத்துக்கொள்ளுங்கள். கருவாடு வெறும் உப்பு, அதுவும் வேண்டாம். பிஸ்கட் மைதாவும் சர்க்கரையும்தான். ஒரு வயது வரை தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள், அதிலுள்ள கிருமி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

தொடக்கத்தில் வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன், நாளைக்கு இரண்டு வேளை. எட்டு மாதத்துக்குள் அரை டம்ளர் அளவு, மூன்று வேளை என்று ஏற்றலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஓங்கரித்தால் பயப்படாதீர்கள், சத்தமாக இருமவோ அழவோ முடிகிற வரை பொறுத்துப் பாருங்கள். சத்தமே வராமல் திணறினால் அடைப்பு, முகம் நீலமாகும் வரை காத்திருக்காதீர்கள். அப்போது குப்புறப் பிடித்து, தலை தாழ்வாக இருக்க, தோள்களுக்கு நடுவே முதுகில் தட்ட வேண்டும். தடுப்பூசி போடும் இடத்திலுள்ள நர்ஸிடம் இப்போதே போய்ச் செய்து காட்டச் சொல்லுங்கள். 6 மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தையும் அங்கேயே கேளுங்கள். அங்கன்வாடியில் பெயர் பதிந்தால் சத்துமாவு கிடைக்கும். அதையும் கெட்டியாகவே கிண்டுங்கள். மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றால் 9 மாதத் தடுப்பூசி வரை காத்திராமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.