கண், காது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காதில் குரும்பி அடைத்திருக்கிறது. பஞ்சுக்குச்சி முழுதாக எட்டவில்லை. வேறு என்ன பயன்படுத்தலாம்?

எட்டாதவரை நல்லது. குரும்பி சுரப்பது காதுக்குழாயின் வெளிப்பாதியில்தான். அது தானாக வெளியே நகர்ந்து வரும். குச்சி அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்துகிறது. சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தோ ஆலிவ் எண்ணெயோ 3, 4 துளி விட்டு, 5 நிமிடம் ஒருக்களித்துப் படுங்கள். நாளுக்கு மூன்று வேளை, 5 நாள். முதல் இரண்டு நாள் குரும்பி ஊறி உப்புவதால் அடைப்பு கூடின மாதிரி இருக்கும். பயந்து நிறுத்த வேண்டாம். அப்படியும் வராவிட்டால் மருத்துவர் நீர் பீய்ச்சியோ உறிஞ்சியோ எடுப்பார். பீய்ச்சும் நீர் உடல் சூட்டில், சுமார் 37 டிகிரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தலை சுற்றும். செவிப்பறையில் ஓட்டையோ காதில் சீழோ இருந்தால் வீட்டில் எதையும் ஊற்றாதீர்கள்.

கண்கட்டி திரும்பத் திரும்ப வருகிறது.

வெதுவெதுப்பான ஒற்றடம் 10 நிமிடம், நாளுக்கு நாலு வேளை. பிதுக்கக் கூடாது. ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். வயதானவருக்கு அதே இமையில் அதே இடத்திலேயே வந்தால் திசுப் பரிசோதனை அவசியம்.

போன வருடம் கண் சிவந்தபோது கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. பெயர் தெரியவில்லை, வெள்ளை பாட்டில். இப்போதும் சிவந்தால் போடுகிறேன், உடனே சரியாகிறது. தொடரலாமா?

கண் மருந்து பாட்டில்களில் பாதி வெள்ளைதான். பெயரைப் படிக்காமல் கண்ணில் விடுகிற துணிச்சல் எங்கிருந்து வருகிறதோ! "உடனே சரியாகிறது" என்றதுமே எனக்கு ஸ்டீராய்டு சந்தேகம். டெக்ஸாமெதசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெதசோன் என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்தும் வரும். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கும், காரணத்தைத் தொடாது. காரணம் ஹெர்பிஸ் கிருமியாக இருந்தால் கருவிழிப் புண் பரவித் தழும்பாகும். தொடர்ந்து போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில வாரங்களில் கண் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மி.மீ. (பாதரச அளவு) வரை இருக்க வேண்டியது 30, 40 ஆகலாம். வலி தெரியாது. பக்கவாட்டுப் பார்வை சுருங்கிய பிறகே தெரியும், அப்போது போன பார்வை நரம்பு போனதுதான். மாதக்கணக்கில் போனால் புரையும் விழும். நிறுத்தினால் சிவப்பு திரும்புவதால் "இந்த மருந்து இல்லாமல் முடியாது" என்று நம்பிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இதே மருந்து தேவைதான். ஆனால் வாரம் வாரம் குறைத்து, அழுத்தம் பார்த்துக்கொண்டே போடுவது அது. திறந்த பாட்டில் 4 வாரத்தில் குப்பைக்குப் போக வேண்டும். நீங்கள் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், இந்த வாரமே.

குளுக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்) இரண்டு சொட்டு மருந்து. அடுத்தடுத்து விடலாமா?

5 நிமிட இடைவெளி. ஒன்றில் ஒரு துளி போதும், இரண்டாவது துளி கன்னத்தில்தான் வழியும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை 2 நிமிடம் அழுத்துங்கள்.

படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது. என்ன மாத்திரை?

எவ்வளவு நேரம் என்று எழுதவில்லையே, அதுதான் முக்கியம். ஒரு நிமிடத்துக்குள் நின்றால், உள்காதில் இடம் மாறிய கால்சியத் துகள்களே பெரும்பாலும் காரணம். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை இடம் சேர்ப்பார்கள். மாத்திரை துகளை நகர்த்தாது. மணிக்கணக்கில் சுற்றி, காது இரைந்து மந்தமானால் மெனியர் என்ற உள்காது நோயா என்று பார்க்க வேண்டும். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம் சேர்ந்தால் அவசரப் பிரிவு.

காலையில் எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லை. குரும்பி என்று ஒரு வாரம் எண்ணெய் விட்டேன்.

ஒரு வாரத்தை வீணடித்தீர்கள். நரம்புச் செவிடாக இருந்தால் முதல் மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் வரை பலன் உண்டு. இன்றே காதைப் பார்த்து ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுங்கள். இங்கேயும் மிச்ச மாத்திரையைத் தேடாதீர்கள்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து உண்டா? முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா?

கரைக்கும் மருந்து இல்லை. காத்திருக்கவும் வேண்டாம். வாசிப்பு, வண்டி ஓட்டுவது தடைபட்டால் அதுவே அறுவை சிகிச்சைக்கான நேரம். முற்றவிட்டால் அறுவையே கடினமாகும்.