கடையைத் தடுக்க முடியாது, பேஸ்மென்ட்டைக் கேட்கலாம்

சென்னையின் தென்புறநகரில் இருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். அவர்களுடைய தெரு மெயின் ரோட்டில் சேர்கிற முனையில், பழைய கல்யாண மண்டபத்தை இடித்துவிட்டு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் கட்டுகிறார்கள். தெருவின் அமைதி போய்விடும், பல வருடமாகப் பிழைத்துவரும் மளிகைக் கடைகள் படுத்துவிடும், பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகிற வழியில் லாரி வரும், கவுன்சிலர் கண்டுகொள்ளவில்லை, கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. நலச்சங்கம் பெயரில் பொதுநல வழக்குப் போட்டுக் கடையை வரவிடாமல் செய்ய முடியுமா என்று கேட்கிறார். செலவில் பெரும்பகுதியை வணிகர்கள் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

முடியாது. ஆர்டிஐ-யில் வாங்கிய திட்ட அனுமதியின் நகலை நீங்களே இணைத்திருக்கிறீர்கள். அந்த மனை வணிகப் பகுதி. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சிஎம்டிஏ-வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது மாஸ்டர் பிளான் அப்படித்தான் காட்டுகிறது. வணிகப் பகுதியில், முறையாக அனுமதி வாங்கிக் கடை கட்டுகிறவரைப் பார்த்து ‘கடை கட்டாதே’ என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. அமைதி, கவுன்சிலர், கலெக்டர் எல்லாம் நியாயமான வருத்தங்கள்தான். வழக்குக்கு உதவாது. அந்நிய முதலீடு பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு 2012-ல் அனுமதித்தபோது, ஏற்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களிடம் விட்டது, தமிழ்நாடு வேண்டாம் என்றது, எல்லாம் சரி. வரப்போவது இந்திய நிறுவனம். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாம்.

உங்கள் வழக்கு, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: “பேஸ்மென்ட்டில் இப்போதே ராக் அடிக்கிறார்கள், குடோனாம்.” வரைபடத்தில் அந்த பேஸ்மென்ட் முழுக்கக் கார் பார்க்கிங். அதைக் காட்டித்தான் அனுமதியே வாங்கியிருக்கிறார்கள். பார்க்கிங் குடோனாகிவிட்டால் வருகிற வண்டி அத்தனையும் உங்கள் தெருவில்தான் நிற்கும். இன்னொன்றையும் பாருங்கள். லாரிக்கென்று உங்கள் தெருப் பக்கம் ஒரு கேட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் வாசல் மெயின் ரோட்டுப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. இந்த இரண்டும் அனுமதிக்கு மாறானவை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57-ஆவது பிரிவுகள், அனுமதிக்கு மாறாகக் கட்டுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத்தான் இருக்கின்றன.

இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா என்ற சந்தேகம் வேண்டாம். உடுப்பியில் குடியிருப்புப் பகுதியில் சினிமா தியேட்டர் கட்ட நகராட்சி கொடுத்த அனுமதியை எதிர்த்து அந்தப் பகுதிவாசி ஒருவர் போன வழக்கில், உச்ச நீதிமன்றம் 1974-லேயே அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது. கட்டியவர் பணம் போட்டுவிட்டார் என்பதற்காகச் சட்டவிரோத அனுமதி செல்லுபடியாகிவிடாது என்றும் சொன்னது.

நேரம் முக்கியம். பணி நிறைவுச் சான்றிதழ், அதாவது அனுமதிப்படி கட்டியாயிற்று என்கிற சான்றிதழ், கொடுப்பதற்கு முன்னால் மனு போக வேண்டும். 2019-ன் கட்டட விதிகளின்படி இந்த அளவு வணிகக் கட்டடத்துக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லியிருக்கிறது. கடை திறந்து, கூட்டம் வர ஆரம்பித்த பிறகு போனால் கதை வேறு. அதிகாரிகள் லாக் அண்ட் சீல் நோட்டீஸ் ஒட்டுவார்கள், கடைக்காரர்கள் அதை எதிர்த்து அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசுக்கு ஒரு மனு போடுவார்கள், கோப்பு தலைமைச் செயலகத்தில் தூங்கும், ராக்குகளில் அரிசி மூட்டை இருக்கும். உயர் நீதிமன்றம் போவதானால் ‘என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். பரிசீலித்தோம், நிராகரித்தோம் என்று நாலு வரிக் கடிதம் வரும், வழக்கு அத்தோடு முடியும். பேஸ்மென்ட் பார்க்கிங்காக மாற்றப்படும் வரை சான்றிதழ் தரக்கூடாது என்று கேளுங்கள்.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன்.

முதலில் அந்த வணிகர் பணம். ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். தொழில் போட்டியாளர் வழக்குப் போட முடியாது என்பது பழைய சட்டம். 1976-ல் பதிவான தீர்ப்பில், போட்டி தியேட்டர்காரருக்கு ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற தகுதியே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பின்னால் மளிகைக் கடைக்காரர் நிற்கிறார் என்று எதிர்த்தரப்பு ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினால் போதும். பொதுநல வழக்கு பினாமி வழக்காகிவிடும், செலவுத்தொகையும் உங்கள் தலையில் விழும்.

அடுத்தது உங்கள் மூன்றாவது மாடி. ‘மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு பைக் நிறுத்தக்கூட இடமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டின் வரைபடத்தில் அந்த மாடி இருக்கிறதா? தரைத்தளமும் இரண்டு மாடியும்தான் என்றால், நீங்கள் வழக்குப் போட்ட வாரத்திலேயே எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் வீட்டுக்கு ஆர்டிஐ போடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். அடுத்தவன் டீவியேஷனை (அனுமதியை மீறிக் கட்டியதை) காட்டப் போனவர் வீட்டு வாசலில் சிஎம்டிஏ நோட்டீஸ். வரன்முறைப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவின் சலுகை 2007 ஜூலை 1-க்கு முன்னால் கட்டியதற்கு மட்டும்தான். அப்புறம் பேரம் நடக்கும்: நீ வாபஸ் வாங்கு, நான் புகாரை விடுகிறேன். அவர்கள் விட்டாலும் நோட்டீஸ் போகாது, அது அரசுக் கோப்பில் ஏறிவிட்டது. ஆகவே மனுதாரராக யார் நிற்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். தெருவில் வரைபடப்படி கட்டிய வீடு ஒன்றாவது இருக்கும், அவர் முன்னால் வரட்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் நீதிமன்றப் படி ஏறாதீர்கள்.

மூன்றாவது, சங்கத்தின் செயலாளர் தனியாகப் போய் பில்டரைப் பார்ப்பது. கோயில் திருப்பணிக்கு, சங்கக் கட்டடத்துக்கு, பார்க் பெஞ்சுக்கு என்று எதைச் சொல்லிக் கேட்டாலும் சரி, அந்தப் பேச்சு அங்கே ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருக்கும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவு மிரட்டிப் பணம் பறிப்பது பற்றியது. எஃப்ஐஆர் விழுந்தால் பேஸ்மென்ட்டை எல்லோரும் மறந்துவிடுவார்கள். சாலை மறியல் யோசனையையும் விட்டுவிடுங்கள்.

என் ஆலோசனை சமரசம்தான். சிஎம்டிஏ அமலாக்கப் பிரிவுக்குத் தேதியோடு எடுத்த புகைப்படங்களை வைத்து மனு கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், அதன் பிறகு பேசப் போங்கள். சான்றிதழ் கையில் வராத வரைதான் அவர்களுக்கு அவசரம். பேஸ்மென்ட் பார்க்கிங்காகவே இருக்க வேண்டும். தெருப் பக்க கேட்டைச் சுவர் வைத்து அடைக்க வேண்டும். சரக்கு இறக்குவது மனைக்குள்ளேயே, பள்ளி விடும் நேரத்திலும் இரவு பத்துக்கு மேலும் கிடையாது. ஜெனரேட்டர் புகைக்குழாய் வீடுகள் பக்கம் திரும்பக் கூடாது. முதல் இரண்டும் சட்டப்படி அவர்கள் செய்தே ஆக வேண்டியவை, அவற்றில் பேரத்துக்கு இடமில்லை. நீங்களே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. பேச வேண்டியது மற்ற இரண்டைத்தான்.

பேசி முடித்ததை முத்திரைத் தாளில் எழுதி அதோடு நிறுத்திவிடாதீர்கள். மீறினால் இன்னொரு சிவில் வழக்குத்தான் போட வேண்டியிருக்கும். ரிட் மனுவைத் தாக்கல் செய்து, உயர் நீதிமன்றத்திலேயே 2005 முதல் இயங்கிவரும் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உடன்பாடு பிரமாணப் பத்திரமாக நீதிமன்ற உத்தரவில் ஏறினால், மீறுவது நீதிமன்ற அவமதிப்பு. கையெழுத்தை இடத்தின் சொந்தக்காரரிடம் மட்டும் வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். இந்த மாதிரிக் கடைகள் பெரும்பாலும் குத்தகையில்தான் நடக்கின்றன. சொந்தக்காரர் தலையாட்டுவார், கடை நடத்துகிறவர் ‘எனக்குத் தெரியாது’ என்பார். குத்தகைப் பத்திரத்தின் நகலைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தேடி எடுத்து, அதில் இருக்கிற நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.