நிறுவனப் பதிவுக்கு என்னென்ன செலவுகள்?

கேள்வி: நானும் நண்பரும் கூட்டாக நடத்திவரும் தொழிலை நிறுவனமாகப் பதிவு செய்ய விரும்புகிறோம். பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதுமா?

பதில்: போதாது. பதிவுக் கட்டணம் ஒருமுறை செலுத்துவது; கணக்கு எழுதுதல், ஆண்டறிக்கை தாக்கல், வரிப் படிவங்கள் ஆகியவற்றுக்கான செலவோ வியாபாரம் சரியாக நடக்காத ஆண்டிலும் தொடரும் என்பதால், அதையே முதலில் கணக்கிடுமாறு வலியுறுத்துகிறேன். பெயர், பதிவு அலுவலக முகவரி, இயக்குநர்கள் மற்றும் பங்குதாரர்களின் விவரம், நிறுவன விதிமுறைகள் ஆகியவை பெரும்பாலான நாடுகளில் கேட்கப்படுகின்றன. எளிய அமைப்புள்ள சிறு தொழிலுக்கு மாதிரி விதிமுறைகளே பெரும்பாலும் போதும்.

வழக்கறிஞருக்குத் தயங்காமல் செலவிட வேண்டியது பங்குதாரர் ஒப்பந்தத்துக்குத்தான். ஒருவர் விலகினால் அவருடைய பங்குகளை யார், எந்த மதிப்பில் வாங்குவது, இருவருக்கும் சம பங்கு இருக்கையில் கருத்து வேறுபட்டால் முடிவெடுப்பது எப்படி என்பதையெல்லாம் நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

நிறுவனம் அதன் உரிமையாளரிடமிருந்து வேறான ஒரு சட்ட நபர் என்று 1896-இல் சாலமன் வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதாவது, நிறுவனத்தின் கடனுக்கு உரிமையாளரின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பாகாது. இந்தப் பாதுகாப்பை நாடியே பலர் பதிவு செய்கிறார்கள். ஆனால், நிறுவனத்தின் வங்கிக் கடனுக்கு நீங்களே ஜாமீன் கையெழுத்திட்டால், அந்தக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகிவிடும்.