பெல்ட் போட்ட மறுநாள் லீவு

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை கட்டிக்கொண்டிருக்கிறேன். கொத்தனாருக்கு நானும் பையனும்தான் சித்தாள். போன சனிக்கிழமை பேஸ்மட்டத்தின் மேல் சுற்றிலும் பட்டைபோல ஓடும் பெல்ட் கான்கிரீட் போட்டோம். மறுநாள் எந்த வேலையும் செய்யவில்லை. காலையில் கூழ், மதியம் தூக்கம், சாயங்காலம் பையனோடு வெட்டிப் பேச்சு. நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்ததும் ஒரு நாளை வீணாக்கிவிட்டோமே என்று உறுத்தல். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை போட வேண்டும். நீங்களும் காட்பாடியில் சொந்தமாகப் பட்டறை கட்டியவர். நடுவில் லீவு எடுத்தீர்களா?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

எடுத்தேன், தாராளமாகவே எடுத்தேன். உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதலில் கான்கிரீட்டைப் பார்த்துவிடலாம். சிமெண்ட் காய்ந்து இறுகும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஈரம் போனால் வினையும் நின்றுவிடும். நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் பி.பி.சி. சிமெண்ட், அதாவது சாம்பல் போன்ற பொருள் கலந்த சிமெண்ட். வறண்ட வெயிலில் அதற்கு 14 நாளாவது ஈரம் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கத்திரி வெயிலில் குடியாத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட் மேல் கோணிச் சாக்கைப் போட்டு, அது காயாதபடி நனைத்துக்கொண்டே இருங்கள். லீவு நாளிலும் இதை மட்டும் விடக்கூடாது.

இதைக் காரணமாகச் சொல்லி உங்கள் மதியத் தூக்கத்துக்கு நான் அனுமதிச் சீட்டு எழுதித் தரப்போவதில்லை. கான்கிரீட் நனையத் தேவையில்லாத வாரத்திலும் லீவு எடுங்கள். இந்தப் பட்டறையை யாரும் உங்களிடம் தேதி குறித்துக் கேட்கவில்லை. ஆசைப்பட்டு ஆரம்பித்த வேலை இது. ஆசையைக் காண்டிராக்ட் ஆக்கிக்கொண்டால், கட்டி முடிந்த பிறகு உள்ளே போய் இழைப்புளியைக் கையில் எடுக்கவே மனம் வராது. பழைய மேஸ்திரிகள் பலர் அமாவாசையன்று கரண்டியைத் தொடமாட்டார்கள். அவர்களை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. பையன் பக்கமும் யோசியுங்கள். கலவைப் பாண்டு தூக்கும் நாளில் அவனோடு என்ன பேச முடியும்? "கலவை கொண்டா, தண்ணி ஊத்து", அவ்வளவுதான். அந்தச் சாயங்காலப் பேச்சை வெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரி, அடுத்த லீவுக்கு ஒன்று சொல்கிறேன். விருப்பம் இருந்தால் செய்யுங்கள். பேஸ்மட்டத்துக்குள் நாற்காலியைப் போட்டு இருவரும் உட்காருங்கள். நடுவில் 1 மீட்டர் குச்சி ஒன்றை நேராக நடுங்கள். பகல் 12:10 வாக்கில் அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். தெற்கே விழும்! சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம் சாய்ந்துதான் போகும் என்று நினைத்திருப்பான். நம் ஊர் பூமத்திய ரேகைக்குச் சுமார் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடும், உச்சிவெயிலும் வடக்கிலிருந்து வரும். ஜூன் 21 அன்று அந்த நிழல் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் இருக்கும்.

உங்கள் பட்டறைக்கு இது முக்கியம். மரவேலைக்கு வடக்குச் சன்னல்தான் நல்லது, வெளிச்சம் சீராக இருக்கும் என்பார்கள். உண்மைதான், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் நம் பக்கம் வெயில் கொளுத்தும் மாதங்களில்தான் அந்தச் சன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். உச்சிவெயிலை சன்ஷேடு தடுத்துவிடும். சாயங்காலம் வடமேற்கிலிருந்து தாழ்வாக வரும் வெயிலுக்கு சன்ஷேடு போதாது. அதற்கு அந்த மூலையில் ஒரு மரம் வேண்டும். புங்கங்கன்று வையுங்கள். நம் வறட்சியைத் தாங்கும், நிழலும் அடர்த்தி. வேர் அஸ்திவாரத்துக்குப் போகாமல் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். எந்த இடம் என்பதைப் பையனே முடிவு செய்யட்டும்.