வாசகர் கேள்வி – பதில்: தாய்ப்பால்

கேள்வி: மகளின் பிரசவத்துக்குப் பால்மா ரின்னும் போச்சியும் (பால் புட்டி) கொண்டு போனோம். வார்ட்டுக்குள் விடவில்லை. இது யார் போட்ட சட்டம்? (கோண்டாவில்)

பதில்: வேர் ஜெனீவாவில் இருக்கிறது. 1981 மே மாதம் உலக சுகாதார சபை, தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பொருள்களின் சந்தைப்படுத்தலுக்கு ஒரு சர்வதேச ஒழுங்குக்கோவையை நிறைவேற்றியது. ஆதரவு 118 நாடுகள். எதிர்த்தது அமெரிக்கா மட்டும். பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, ரின்னில் குழந்தைப் படம் கூடாது என்பவை அதன் முக்கிய விதிகள். பால்மாவை அது தடை செய்யவில்லை. அது தானாகச் சட்டமும் ஆகாது, ஒவ்வொரு நாடும் தனக்கென விதி எழுத வேண்டும். இலங்கையிலும் ஒரு கோவை உண்டு.

வார்ட்டில் நீங்கள் பார்த்தது 1991இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் தொடங்கிய 'குழந்தை நேய வைத்தியசாலை' திட்டத்தின் வழக்கம். அதன் பத்துப் படிகளில் ஆறாவது: மருத்துவக் காரணம் இல்லாமல் தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது. முதல் நாள் பிள்ளைக்கு ஒரு தடவைக்குச் சில மி.லீ. பாலே போதும். அங்கே 30 மி.லீ. போச்சிப்பால் போனால் பிள்ளை மணிக்கணக்கில் தூங்கும், முலையை உறிஞ்சாது. உறிஞ்சாத முலையில் சுரப்பும் குறையும். பிறகு "பால் இல்லை" என்று நாங்களே சொல்லுவோம். குறைமாதப் பிள்ளைக்கோ இரத்தத்தில் சீனி குறைந்த பிள்ளைக்கோ தேவைப்பட்டால் வைத்தியரே எழுதித் தருவார்.

கேள்வி: பத்து நாள் பிள்ளை. பின்னேரமானால் ஓயாமல் அழுகிறான். பால் காணாது என்கிறா மாமி. (சாவகச்சேரி)

பதில்: அழுகையை வைத்து அளக்க வேண்டாம், சிறுநீரை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில் ஆறு தடவையாவது போனால், மலமும் மஞ்சளாக இருந்தால், பால் காணும். பிறந்த நிறை இரண்டு கிழமைக்குள் திரும்ப வேண்டும். மருத்துவமாதிடம் நிறுத்து, கிளினிக் கொப்பியில் பாருங்கள். பின்னேரத்தில் அடிக்கடி குடிக்கக் கேட்பது இந்த வயதின் வழக்கம்.

பால் கொடுக்கும்போது நோவு இருந்தால் பிள்ளை முலையைப் பிடிக்கும் விதம் பிழை. பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி, மூக்கு முலைக்காம்புக்கு நேரே இருக்கட்டும். வாயை அகலத் திறந்த பிறகே அணையுங்கள். நாடி முலையில் படவேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் வெடிக்கும், பாலும் வராது. பால் ஊறட்டும் என்று மாமி ஆக்கித் தரும் பால்சுறா வறையை ருசித்துச் சாப்பிடுங்கள். ஆனால் சுரப்பைக் கூட்டுவது பிள்ளை உறிஞ்சுவதுதான், நாளுக்கு 8 – 12 தடவை. சித்திரை வெயிலிலும் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 வீதம் தண்ணீர்தான்.

கேள்வி: ஓகஸ்ட் முதற்கிழமை ஏன் தாய்ப்பால் வாரம்? (பருத்தித்துறை)

பதில்: 1990 ஓகஸ்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், தாய்ப்பாலூட்டலை ஆதரிக்கும் இன்னொசென்டி பிரகடனம் வெளியானது. அதை நினைவூட்டி 1992இல் தொடங்கினார்கள்.

கேள்வி: தொழிற்சாலை வேலைக்குத் திரும்புகிறேன். பாலை எடுத்து வைக்கலாமா? (அச்சுவேலி)

பதில்: தாராளமாக. கையைக் கழுவி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்பிலிருந்து 3 – 4 செ.மீ. தள்ளி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமத்துங்கள். காம்பை இழுத்தால் புண்தான் வரும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எடுங்கள். விட்டால் முலை கட்டும்.

25 பாகை வரை பால் வெளியே நாலு மணித்தியாலம் நிற்கும். எங்கள் மத்தியானம் 30ஐத் தாண்டும், ஆகவே எடுத்த உடனேயே ஐஸ் கட்டிப் பெட்டியில் வையுங்கள். பிரிஜ்ஜில் நாலு நாள். கதவுத் தட்டில் அல்ல, உள்ளே பின்பக்கமாக. 60 – 120 மி.லீ. ஆகப் பிரித்து, திகதி எழுதுங்கள். மேலே கொழுப்பு படிந்தால் பழுதல்ல, மெல்லக் குலுக்கினால் கலக்கும். சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி, போச்சிக்குப் பதில் சின்னக் கோப்பையால் அம்மம்மா பருக்கட்டும். பிள்ளை குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்தின் பின் ஊற்றிவிடுங்கள்.

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயது வரை ஒன்பது மணித்தியால வேலைக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. வேலையிடத்தில் பிள்ளைகள் பராமரிப்பிடம் இருந்தால் தலா அரை மணித்தியாலம், இல்லையென்றால் தலா ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழிக்க முடியாது. முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.